மின்சாரம் அறுந்த கணத்தில் வன்தட்டு என்ன செய்கிறது?

“மடிக்கணினியில் ஒழுங்காக ஓடும் வெளிப்புற ஹார்ட் டிஸ்க், மேசைக் கணினியின் முன்பக்க யுஎஸ்பியில் செருகினால் மட்டும் ‘டிக் டிக்’ என்று ஒலித்துவிட்டுக் காணாமல் போகிறது. கெட்டுவிட்டதா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஒரு கணினியில் ஒழுங்காக ஓடுகிறது என்பதால், வன்தட்டைவிட அதற்குப் போய்ச் சேரும் மின்சாரத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வன்தட்டுக்குள் அசையாமல் கிடக்கும் வட்டைச் சுழல வைப்பதற்குத்தான் அதிக மின்னோட்டம் தேவை. மேசைக் கணினியின் 3.5 அங்குல வன்தட்டு, ஓடும்போது 12 வோல்ட் இணைப்பில் அரை ஆம்பியர் அளவே எடுத்தாலும், கிளம்பும் சில நொடிகளில் ஏறத்தாழ 2 ஆம்பியர் கேட்கும். யுஎஸ்பியில் ஓடும் 2.5 அங்குல வன்தட்டு, கிளம்பும்போது 5 வோல்ட்டில் 1 ஆம்பியரைத் தொடும். யுஎஸ்பி 2.0 துறைக்கு (போர்ட்) வகுக்கப்பட்ட அளவோ 500 மில்லி ஆம்பியர், 3.0 துறைக்கு 900. மெல்லிய, நீளமான கேபிளின் மின்தடை அரை ஓம் என்று வைத்துக்கொண்டால், 1 ஆம்பியர் பாயும்போது அரை வோல்ட் வழியிலேயே தொலைந்து, 4.5 வோல்ட்தான் மிஞ்சும்.

இப்படி மின்னழுத்தம் போதாமல் போகும் நிலையில் வன்தட்டு தன்னைக் காத்துக்கொள்ளும் விதம், எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பூட்டுவது. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் வட்டின் மேல், அந்தச் சுழற்சி இழுத்துவரும் காற்றின் அணைப்பில், சில நானோமீட்டர் உயரத்தில், தரவைப் படிக்கும் முனை மிதக்கிறது. சுழற்சி தளர்ந்தால் காற்றணை போய்விடும், முனை வட்டில் உரசும். எனவே அதற்குள் முனையை ஒதுக்கியாக வேண்டும். ஆனால் ஒதுக்குவதற்கு மின்சாரம் ஏது? சுழன்றுகொண்டிருக்கும் வட்டிடமே அது இருக்கிறது. மின்னழுத்தம் எல்லைக்குக் கீழே இறங்கியதும், சுழற்றிக்கொண்டிருந்த மோட்டாரையே கட்டுப்பாட்டுச் சில்லு மின்னாக்கியாக மாற்றிவிடுகிறது. 1831-இல் ஃபாரடே கண்ட அதே மின்காந்தத் தூண்டல்தான். வட்டின் எஞ்சிய வேகத்திலிருந்து பிறக்கும் அந்த மின்சாரம், முனையைத் தாங்கும் கையின் கம்பிச்சுருளுக்குப் பாய்ந்து, வட்டின் ஓரத்திலுள்ள சிறு சாய்தளத்தில் முனையை ஏற்றி நிறுத்திவிடுகிறது. மின்னழுத்தம் மீண்டதும் மோட்டார் மறுபடி கிளம்பும், மறுபடி மின்னழுத்தம் சரியும். வாசகர் கேட்ட ‘டிக்’, முனை இப்படித் திரும்பத் திரும்ப ஒதுங்கும் ஓசையாக இருக்கலாம்.

ஆகவே, குட்டையான கேபிளில், கணினியின் பின்பக்கத் துறையிலோ தனி அடாப்டர் உள்ள ஹப்பிலோ இணைத்துப் பாருங்கள். உள்ளே பொருத்திய வன்தட்டானால், அது கிளம்பும்போது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் (12 வோல்ட்) கம்பியை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். என் பழைய கணினியில் சும்மா இருக்கையில் 12.1 வோல்ட் காட்டிய முள், வன்தட்டு கிளம்பிய நொடியில் 11.2-க்கு இறங்கியது, ஏற்கத்தக்க கீழெல்லை 11.4. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியதும் ஓசை நின்றது.

ஹார்ட் டிஸ்க்கை ஃபிரீசரில் வைத்தால் உயிர்பெறும் என்று சொல்வதை மட்டும் தயவுசெய்து நம்ப வேண்டாம். வெளியே எடுத்ததும் ஈரக்காற்று வட்டின் மேல் நீராகப் படியும். அந்த நீர்த்துளிக்கு முன் சில நானோமீட்டர் இடைவெளி எம்மாத்திரம்? மின்சாரத்தைச் சரிசெய்த பிறகும் ஓசை தொடர்ந்தால் பழுது முனையிலேயே இருக்கலாம். உடனே இணைப்பை எடுத்துவிட்டு, தரவு மீட்பவரிடம் கொடுங்கள்.