செம்பருத்திக் குச்சி துளிர்க்கிறது, மாங்குச்சி ஏன் காய்கிறது?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பக்கத்து வீட்டு அக்கா செம்பருத்திக் குச்சியைச் சும்மா செருகினாலே துளிர்க்கிறது. நான் நட்டால் பத்தே நாளில் காய்ந்துவிடுகிறது. எனக்குக் கைராசி இல்லையா?"

கைராசிக்கும் வேருக்கும் சம்பந்தமே இல்லைங்க. மாதவிலக்கு நாளில் பெண் தொட்டால் செடி பட்டுப்போகும் என்று சொல்லும் வீடுகளும் நம் பக்கம் இன்னும் இருக்கின்றன. அது பொய். அதைச் சொல்லிப் பெண் பிள்ளைகளைச் செடியிடம் அண்டவிடாமல் செய்வது அநியாயம்.

சரி, குச்சிக்குள் என்ன நடக்கிறது? நுனித் துளிரிலும் இளம் இலையிலும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் சுரக்கிறது. இது பள்ளியில் படித்ததுதான். அது கீழே இறங்கும் விதம்தான் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத விஷயம். செல்லுக்கு வெளியே லேசான அமிலத்தன்மை இருக்கும். அங்கே ஆக்சின் மூலக்கூறுகளில் ஒரு பகுதி மின்னூட்டம் இல்லாமல் திரியும். அவை செல் சவ்வைத் தாண்டிச் சுலபமாக உள்ளே போய்விடும். உள்ளே அமிலத்தன்மை குறைவு. போன உடனே ஒரு புரோட்டானை இழந்து மின்னூட்டம் ஏறிவிடும். அப்புறம் வந்த வழியே திரும்ப முடியாது, பறிக்குள் போன மீன் மாதிரி. வெளியேற 'பின்' (PIN) என்ற புரதங்கள் அமைக்கும் வாசல் வேண்டும். தண்டுச் செல்களில் அந்த வாசல் முக்கியமாக அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது! எனவே கீழ்ச் செல்லுக்குப் போகும், அங்கேயும் மாட்டும், மறுபடி கீழே. இப்படியே மணிக்கு ஏறக்குறைய 1 செ.மீ. இறங்குகிறது.

கிளையை வெட்டிவிட்டால் போக இடமில்லை. வெட்டுவாயில் தேங்குகிறது. அந்தத் தேக்கம்தான் பட்டைக்கு உட்புறச் செல்களுக்கு 'வேராக மாறு' என்ற உத்தரவு.

போன மழைக்காலத்தில் நாலு நொச்சிக் குச்சிகளை ஈரத் தேங்காய் நாரில் பொதிந்து, பாலித்தீன் பையில் தலைகீழாகத் தொங்கவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் பிரித்தால், மேலே இருந்த அடிமுனையில் நூல் கனத்தில் வெள்ளை வேர்கள். நுனிப்பக்கம் ஒன்றுமில்லை. குச்சியைத் திருப்பினாலும் வாசல்கள் திரும்பவில்லை. ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹெர்மன் ஃபெக்ட்டிங் 1878-லேயே வில்லோ மரக் குச்சிகளில் இந்த மேல்-கீழ் பேதத்தைக் காட்டிவிட்டார். ஆக்சினைப் பற்றி அப்போது யாருக்கும் தெரியாது.

ஆக்சின் எல்லாக் குச்சியிலும்தான் இறங்குகிறது. வித்தியாசம், அதைக் கேட்கும் செல்களில். மல்லிகை இனங்கள் சிலவற்றில் வேர்முளைகள் தண்டிலேயே முன்கூட்டி உருவாகி உறங்குகின்றன. ஈரம் பட்டால் போதும். செம்பருத்தியில் புதிதாக உருவாக வேண்டும், ஆனால் செல்கள் சீக்கிரம் இசைகின்றன. காய்க்கும் மாமரத்தின் கிளையிலோ செல்கள் முதிர்ந்துவிட்டன. வேர்விடத் தூண்டும் வேர்ப்பொடி தடவினாலும் பெரும்பாலும் அசைவதில்லை. கொட்டை முளைத்த இளங்கன்றின் தண்டு அதைவிடச் சுலபமாக வேர்விடும், ஆனால் அது தாய்மரத்தின் பழத்தைத் தரும் என்று நம்ப முடியாது. கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ப் பக்கத்து நாற்றுப் பண்ணைகளில் மாங்கன்று என்றாலே ஒட்டுக்கன்றாக இருப்பது இதனால்தான்.

ஒரே செடிக்குள்ளும் இந்த வயசு வித்தியாசம் உண்டு. கவாத்து பண்ணிய இடத்திலிருந்து கிளம்பும் புதுக் கிளை, பழைய கட்டையைவிட நன்றாக வேர்பிடிக்கும். உங்கள் அக்கா எந்தக் கிளையை ஒடிக்கிறார் என்று பாருங்கள். நீங்களும் பென்சில் பருமனில், பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய கிளையாக எடுத்து, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். பூமொட்டைக் கிள்ளிவிடுங்கள். இலை இரண்டு போதும், அதையும் பாதியாக நறுக்குங்கள். வேர் வருமுன் இலைவழியே தண்ணீர் போய்விடுவதால்தான் பத்து நாளில் காய்கிறது. நிழலில் வையுங்கள். வேர் வந்ததா என்று மூன்று வாரத்துக்குப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம்.