புது ரேம் போட்டதும் திரை ஏன் இருட்டாகவே இருக்கிறது?

புது ரேம் போட்டாயிற்று, பவர் பட்டனை அழுத்தியாயிற்று, ஃபேன் சுற்றுகிறது, கலர் கலராக விளக்குகூட எரிகிறது, ஆனால் திரையில் மட்டும் ஒன்றுமே இல்லை. உடனே கை மறுபடியும் பவர் பட்டனுக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்கள். உங்களுடையது டிடிஆர்5 என்ற புதுத் தலைமுறை ரேம் என்றால் அந்தக் கம்ப்யூட்டர் செத்துப்போகவில்லை, தலைபோகிற வேலையில் இருக்கிறது என்றும் இருக்கலாம்.

ஃபேன் சுற்றுவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 12 வோல்ட் வருகிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு பச்சை ஒயரை கிரவுண்டோடு சேர்க்கிறது, எஸ்எம்பிஎஸ் விழித்துக்கொள்கிறது, வோல்டேஜ் எல்லாம் நிலைக்கு வந்த பிறகு சாம்பல் நிற ஒயர் வழியாக 'எல்லாம் சரி' என்று ஒரு சிக்னல் அனுப்புகிறது (எல்லா ஒயரும் கறுப்பாக வருகிற புது மாடல்களில் நிறத்தைத் தேடாதீர்கள்). இதெல்லாம் அரை வினாடி சமாச்சாரம். அதுவரை பிராசசரை எந்த வேலையும் தொடங்க விடாமல் ரீசெட்டிலேயே பிடித்து வைத்திருப்பார்கள். விட்டதும் மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்ன ஃபிளாஷ் சிப்பிலிருந்து பயாஸ், அதாவது கம்ப்யூட்டரை எழுப்பும் முதல் நிரல், ஓடத் தொடங்கும்.

இங்கேதான் ஒரு சிக்கல். எந்த நிரலும் ஓடுவதற்கு ரேம் வேண்டும், ஆனால் ரேமைத் தயார் செய்வதே இந்த நிரலின் வேலை. இன்டெல் பக்கம், பிராசசருக்குள் இருக்கும் கேஷ் என்ற சின்ன நினைவகத்தையே தற்காலிக ரேம் மாதிரி வைத்துச் சமாளிக்கிறார்கள். ஏஎம்டியின் ரைசன் பிராசசர்களில் பெரிய கோர்கள் எழுவதற்கு முன்பே உள்ளே இருக்கும் ஒரு சின்ன ஏஆர்எம் கோர் எழுந்து ரேம் வேலையைப் பார்த்து முடித்துவிடும். எப்படியானாலும், ரேம் தயாராகாமல் கிராஃபிக்ஸ் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். திரை இருட்டாக இருப்பது அதனால்தான். பிரச்சினையைச் சொல்ல வேண்டிய திரைக்கு முறை வருவதற்கு முன்பே பிரச்சினை வந்துவிடுகிறது.

சரி, ரேமில் அப்படி என்ன தயாரிப்பு? ஒவ்வொரு ரேம் ஸ்டிக்கிலும் ஒரு குட்டிச் சிப் இருக்கிறது. நான் எத்தனை ஜிபி, என்ன வேகம், என்ன டைமிங் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும், பயாஸ் முதலில் அதைப் படிக்கும். அடுத்து வருவதுதான் மெமரி டிரெய்னிங். டிடிஆர்5-6000 என்று அட்டையில் போட்டிருந்தால் ஒரு ஒயரில் வினாடிக்கு 600 கோடி பிட் போகிறது என்று பொருள், அதாவது ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 167 பிகோவினாடி. அந்த நேரத்தில் வெற்றிடத்தில் ஒளியே 5 சென்டிமீட்டர்தான் நகரும், மதர்போர்டின் செம்புத் தடத்தில் சிக்னல் ஏறக்குறைய அதில் பாதி தூரம் போகும். ஆகவே ஒரு தடம் இன்னொன்றைவிட சில மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலும் அதன் பிட் தாமதமாகத்தான் வந்து சேரும். இதைத் தொழிற்சாலையிலேயே கணக்குப் போட்டு வைக்க முடியாது, ஏனென்றால் பிராசசர், போர்டு, ரேம் மூன்றும் வேறுவேறு இடத்தில் தயாராகி உங்கள் மேஜையில்தான் முதன்முதலாகச் சந்திக்கின்றன.

அதனால் பயாஸ் தெரிந்த ஒரு பிட் வரிசையை எழுதிப் படித்துப் பார்க்கிறது. டிலேயை, அதாவது தாமதத்தை, கொஞ்சம் கூட்டி மறுபடி, இன்னும் கூட்டி மறுபடி. பழைய ரேடியோவில் குமிழைத் திருகி, இந்தப் பக்கம் எங்கே இரைச்சல் தொடங்குகிறது, அந்தப் பக்கம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து நடுவில் நிறுத்துவோமே, அதே வேலைதான். இதை 64 டேட்டா ஒயருக்கும், எழுதுவதற்குத் தனியாக, படிப்பதற்குத் தனியாக, வோல்டேஜையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். முதல் தடவை சில நிமிடங்கள் ஆவது சகஜம், ஸ்டிக் பெரிதாகவும் எண்ணிக்கை கூடுதலாகவும் இருந்தால் இன்னும் நேரம் பிடிக்கும். முடிந்ததும் பெரும்பாலான போர்டுகள் விடையைச் சேமித்து வைத்துக்கொள்வதால் அடுத்த முறை சட்டென்று வந்துவிடும். நடுவில் பொறுமையிழந்து அணைத்தால் மறுபடி முதலிலிருந்து.

கால் மணி நேரம் கடந்தும் ஒன்றும் வரவில்லை என்றால் அப்போது சந்தேகப்படலாம். நடுத்தர விலை மதர்போர்டுகள் பலவற்றில் நான்கு சின்ன விளக்குகள் இருக்கும், சிபியு (பிராசசர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று பக்கத்தில் எழுதியிருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தேடுங்கள்.

டிராம் விளக்கு நின்றால் ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும் வைத்து முயலுங்கள், அதுவும் பிராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில். ஏன் இரண்டாவது? இப்போதைய பெரும்பாலான போர்டுகளில் தடம் முதல் ஸ்லாட்டைத் தொட்டுவிட்டு இரண்டாவதில் போய் முடிகிறது. முதலாவதில் மட்டும் ரேம் இருந்தால் அதைத் தாண்டித் தொங்கும் வெறும் தடத்தின் முனையில் சிக்னல் மோதித் திரும்பி வந்து அடுத்த பிட்டைக் குழப்பும். ரப்பர் வைத்து ரேமின் பின்னைத் தேய்க்கிற வைத்தியம் பழைய, கறுத்துப்போன ஸ்டிக்குக்கு உதவலாம், நேற்று வாங்கியதற்கு எதற்கு?

இரண்டு ஸ்டிக் இருந்த இடத்தில் இன்னும் இரண்டு சேர்த்தவர்களுக்கு வேறு கதை. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டியே சொல்லும் வேகக் கணக்கு, இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்குக்கு 3600. பயாஸில் முன்பு 6000க்கு எக்ஸ்போ (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் செட்டிங்) போட்டு வைத்திருந்தால், நான்கையும் அதே வேகத்தில் ஓட்டப் பார்த்து மூச்சு வாங்கி நிற்கும். பவர் கேபிளை உருவிவிட்டு, மதர்போர்டில் சிமாஸ் ஜம்பர் என்ற பின்களைச் சில வினாடி ஷார்ட் செய்தோ பட்டன் பேட்டரியைக் கழற்றி மாட்டியோ செட்டிங்கை அழித்துவிடுங்கள். என்னைக் கேட்டால் நாலு ஸ்டிக் ஆசையே வேண்டாம், பழையதை விற்றுவிட்டு பெரிய இரண்டாக வாங்குவதுதான் நிம்மதி.

மற்றவை சீக்கிரம் முடியும். கிராஃபிக்ஸ் கார்டு மாற்றியவர்கள் மானிட்டர் கேபிள் கார்டில்தான் செருகியிருக்கிறதா, மதர்போர்டிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எம்பிஎஸ் மாற்றியவர்கள் பிராசசருக்குப் பக்கத்தில் இருக்கும் 8 பின் கனெக்டரை மறந்துவிடாதீர்கள், அது இல்லாமலும் ஃபேன் ஜோராகச் சுற்றும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த, கழற்றி மாட்டுகிற மாடுலர் கேபிளைப் புது எஸ்எம்பிஎஸ்ஸில் செருகவே கூடாது, அந்த முனையின் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஹார்ட் டிஸ்க் கருகிப்போகும்.

பிராசசர் மாற்றுவதாக இருந்தால் பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். 2020இல் வந்த ரைசன் 5000ஐ அப்டேட் ஆகாத பி450 போர்டில் வைத்தால் சாக்கெட்டில் கச்சிதமாக உட்காரும், ஆனால் பயாஸுக்கு அது யாரென்றே தெரியாது. அப்படியே விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்றும் பார்த்து 48 இலக்க ரெகவரி கீயை வேறு எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கின் பூட்டு பல கம்ப்யூட்டர்களில் அந்தப் பழைய பிராசசரின் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியோடு சேர்ந்திருக்கும், புதியது வந்ததும் 'டிபிஎம் மாறியிருக்கிறது, அழித்துவிடவா? ஒய் (Y) அல்லது என் (N)' என்று பயாஸ் கேட்கும், கீ கையில் இல்லாமல் ஒய் அழுத்தாதீர்கள்.