வாயில் வைத்ததும் உதிரும் பொல்வொரோன்

மெக்சிகோவின் பொல்வொரோன் பிஸ்கட்டை வீட்டில் செய்து பார்த்த வாசகி ஒருவர் கேட்கிறார்: "வெண்ணெய், சர்க்கரை எல்லாம் அளவாகத்தான் போட்டேன். மாவையும் நன்றாகப் பிசைந்தேன். ஆனாலும் கடிக்க முடியாதபடி கெட்டியாக வந்தது. ஏன்?"

நன்றாகப் பிசைந்ததுதான் காரணம்.

1521-க்குப் பிறகு கோதுமை, கரும்பு, பன்றி மூன்றையும் மெக்சிகோவுக்குக் கொண்டுபோனவர்கள் ஸ்பானியர்கள். பொல்வொரோனும் அவர்களோடு போனதுதான். ஸ்பெயினில் அதற்குப் பாதாம். மெக்சிகோவில் அந்த மண்ணுக்கே உரிய பெக்கான் கொட்டையும் சேர்ந்தது. மேலே புரட்டும் சர்க்கரையில் பட்டைப்பொடி கலப்பதும் உண்டு. இலங்கைக் கறுவாப் பட்டையை அதிகம் வாங்கும் நாடு மெக்சிகோதான்!

வழக்கமான அளவு இது: மைதா 250 கிராம், பன்றிக்கொழுப்பு அல்லது வெண்ணெய் 225 கிராம், பொடித்த சர்க்கரை 60 கிராம், பெக்கான் பொடி 100 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. முட்டை கிடையாது, தண்ணீரும் கிடையாது. சூட்சுமமே இந்தத் தண்ணீர் இல்லாததில்தான் இருக்கிறது.

மைதாவில் குளூட்டெனின், கிளையாடின் என்று இரண்டு வகைப் புரதங்கள் உள்ளன. உலர்ந்திருக்கும்வரை அவை சும்மா கிடக்கும். தண்ணீர் பட்டு, கையும் பட்டால் ஒன்றோடொன்று பின்னி, இழுத்தால் நீளும் வலையாகிவிடும். அதுதான் குளூட்டன். பிசைந்த மைதா உருண்டையைத் தண்ணீருக்குள் கசக்கிக் கழுவினால் மாவுச்சத்து கரைந்து, ரப்பர் போன்ற ஒரு பிண்டம் கையில் மிஞ்சும். இத்தாலியின் பொலோனா நகரில் பெக்காரி என்பவர் இதைப் பிரித்தெடுத்த விதத்தை 1745-இல் அச்சில் வெளியிட்டார். நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள், அவ்வளவு அருமையான சோதனை.

பரோட்டாவுக்கு அந்த வலை வேண்டும். பொல்வொரோனுக்கு அது கூடவே கூடாது. அதனால்தான் இவ்வளவு கொழுப்பு. அறை வெப்பத்தில் பன்றிக்கொழுப்பு முழுத் திடமும் அல்ல, முழுத் திரவமும் அல்ல. நுண்ணிய படிகங்களுக்கு இடையே எண்ணெய் தங்கியிருக்கும் ஒரு கலவை. ஆகவே மாவில் தேய்த்தால் வழிந்தோடாமல், துகள் துகளாக மெல்லிய படலமாய்ப் படிகிறது. மழைக்கோட்டு போட்ட துகளுக்குள் நீர் எப்படிப் புகும்? புரதங்கள் பின்னிக்கொள்ள வழியே இல்லை. நீர் போதாததால் மாவுச்சத்தும் அடுப்பில் வெந்து கூழாவதில்லை; பெரும்பாலான மணிகள் தனித்தனி மணிகளாகவே நிற்கின்றன. வாயில் உதிர்வது அவைதான்.

சரி, வெண்ணெயில் என்ன சிக்கல்? அதில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர். 225 கிராம் வெண்ணெய் என்றால் இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் நீர் மாவுக்குள் போய்விடுகிறது. அதோடு அழுத்திப் பிசையவும் செய்தால் வலை தயார். பன்றிக்கொழுப்பு வேண்டாதவர்கள் உறைந்த நெய்யைப் போடலாம். அதில் நீர் அநேகமாக இல்லை.

சிலருக்குக் கைராசி இருப்பதால்தான் பிஸ்கட் நன்றாக வருகிறது என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. ஒருமுறை தவறிய பிள்ளை 'எனக்கு ராசியில்லை' என்று ஒதுங்கிவிடுகிறது. விஷயம் ராசியில் இல்லை, கைச்சூட்டில் இருக்கிறது. வெண்ணெய் 32 டிகிரிக்கு மேல் உருகத் தொடங்கும்; நம் உள்ளங்கைச் சூடே அதற்குப் போதும். விரல் நுனியால் உதிர்த்துக் கலந்து, சேர்ந்து வந்ததும் நிறுத்திவிடுங்கள். அப்புறம் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

175 டிகிரியில், அடிப்பக்கம் இளம்பொன்னிறமாகும்வரை சுட்டால் போதும். வெளியே எடுத்த உடனே தூக்காதீர்கள். அந்த நேரத்தில் கொழுப்பு உருகிய நிலையில் இருக்கும், பிடித்து நிறுத்த வலையும் கிடையாது, கையோடு உடைந்துவிடும். தட்டிலேயே பத்து நிமிடம் ஆறவிட்டு, இளஞ்சூட்டில் சர்க்கரையில் புரட்டுங்கள்.