நண்பர் இல்லை, தெரிந்தவர்

அறுபதுகளின் கடைசியில் மார்க் கிரானோவெட்டர் என்கிற ஹார்வர்டு ஆராய்ச்சி மாணவர், பாஸ்டன் பக்கத்தில் இருக்கும் நியூட்டனில், சமீபத்தில் வேலை மாறியவர்களைத் தேடிப்பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். இந்த வேலையைப் பற்றி உங்களுக்குச் சொன்னது யார், நண்பரா என்று கேட்டால், பலரும் அவரைத் திருத்தினார்கள். நண்பரெல்லாம் இல்லை, தெரிந்தவர், அவ்வளவுதான்.

வேறு யாராவது இருந்தால் சரி என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்கள். இவர் அந்தத் திருத்தத்தையே பிடித்துக்கொண்டார். மொத்தம் 282 பேர். 100 பேரிடம் நேரில் பேசினார், மற்றவர்களுக்குத் தபாலில் கேள்வித்தாள். நேரில் பேசியவர்களில் ஆள் மூலம் வேலை கிடைத்த 54 பேரிடம், அந்தச் சமயத்தில் அவரை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பீர்கள் என்று கேட்டார். வாரத்துக்கு இரண்டு முறையாவது என்று சொன்னவர்கள் 9 பேர்தான். எப்போதாவது என்றவர்கள் 30. வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் அதிகம் என்றவர்கள் 15.

நமக்காக ஓடிவருபவர்கள் நெருங்கியவர்கள்தானே, பின்னே எப்படி இது? உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து பாருங்கள். பள்ளிக்கூட நண்பர்கள் குழுவில் வரும் செய்தி, கல்லூரிக் குழுவில் ஏற்கெனவே வந்திருக்கும், மச்சான் தனியாக வேறு அனுப்பியிருப்பார். மூன்று பேரும் அன்பானவர்கள்தான், ஆனால் மூன்று பேருக்கும் தெரிந்தது ஒன்றுதான். எனக்கு நெருக்கமான இரண்டு பேர் என் வீட்டு விசேஷத்திலோ வேறெங்கோ சந்தித்து, நாளடைவில் அவர்களுக்குள்ளும் பழக்கம் வந்துவிடும். அதனால் நெருங்கிய உறவுகள் ஒரே வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. பழைய ஆபீஸில் நாலு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தவர் அப்படி இல்லை. அவருக்கு வேறு வட்டம், வேறு செய்தி. இரண்டு வட்டங்களுக்கு நடுவில் ஒரு பாலம் இருந்தால், அது பெரும்பாலும் இப்படிப்பட்ட மெல்லிய பழக்கமாகத்தான் இருக்கும் என்றார் கிரானோவெட்டர். 1969-இல் இதைக் கட்டுரையாக எழுதி அனுப்ப, அமெரிக்க சமூகவியல் இதழ் ஒன்று திருப்பி அனுப்பிவிட்டது. 1973-இல் வேறொரு இதழில் வந்தது. பிறகு சமூகவியலில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்றாகிவிட்டது, அது வேறு கதை.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, பலரும் கேட்டதுதான். நெருங்கியவர்கள் பத்துப் பேர் என்றால் தெரிந்தவர்கள் சில நூறு பேர். தலைக்கணக்கே அதிகம் என்பதால் அவர்கள் மூலம் அதிக வேலை வந்திருக்கலாம் இல்லையா? 54 பேரை வைத்துக்கொண்டு அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குச் சோதனை வேண்டும், அதாவது சிலருக்கு மட்டும் புதுப் பழக்கங்களைக் கூட்டிவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். சாதாரண வாழ்க்கையில் நடக்கிற காரியமா!

வேலை, தொழில் தொடர்புகளுக்கான வலைத்தளமான லிங்க்ட்இன்னில் நடந்தது. 2015 முதல் 2019 வரை, இவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம் என்று காட்டும் பட்டியலை ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். 2 கோடிக்கும் மேற்பட்டவர்கள், 200 கோடி புதுத் தொடர்புகள், 6 லட்சம் வேலைகள். (இப்படி ஒரு சோதனை நடப்பது அவர்களுக்குத் தெரியாது என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.) 2022-இல் வந்த முடிவு கிரானோவெட்டர் பக்கம்தான், ஒரு சின்னத் திருத்தத்தோடு: முற்றிலும் அந்நியர் போன்றவரும் அவ்வளவாக உதவவில்லை, இருவருக்கும் பொதுவான தொடர்புகள் பத்துப் பேர் அளவுக்கு இருப்பவரே அதிகம் உதவினார். கணினி அதிகம் புழங்காத தொழில்களிலோ நெருங்கியவர்கள்தான் கைகொடுத்தார்கள்.

இன்னொன்று, தகவல் வேறு, சிபாரிசு வேறு. தமிழில் இரண்டுக்கும் தனித்தனி வார்த்தை வைத்திருக்கிறோம், ஆய்வாளர்களுக்கு இது உறைக்கக் கொஞ்ச காலம் பிடித்தது. சீனாவில் அரசாங்கமே வேலையை ஒதுக்கிய காலத்தைப் பற்றி யாஞ்சியே பியான் என்பவர் 1988-இல் தியான்ஜின் நகரத்தில் 1,008 பேரிடம் விசாரித்தார். அங்கே வேலை எங்கே காலி என்ற செய்திக்குப் பெரிய மதிப்பில்லை, ஒதுக்குகிற அதிகாரி மனது வைக்க வேண்டும். அப்படிச் சட்டத்தை வளைக்கச் சொல்லி, தெரிந்தவரிடம் போய்க் கேட்க முடியுமா? அதிகாரியோடு நேரடிப் பழக்கம் இல்லாதவர்கள் இடையில் ஒருவரைப் பிடித்தார்கள். அந்த இடையாள் பெரும்பாலும் வேலை தேடுபவருக்கும் நெருக்கம், அதிகாரிக்கும் நெருக்கம்.