‘இட்’ எங்கே நிற்கும்?

விசுவமடுப் பக்கத்தில் பின்னேரங்களில் நான் ஆங்கிலம் படிப்பிக்கும் ஓலைக் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு மிளகாய்த் தோட்டம் இருக்கிறது. கிணற்றடியில் மோட்டர் ஓடத் தொடங்கினால் பாடம் பாதியில் நின்றுவிடும். ஒருநாள் அந்த இரைச்சலையே பாடமாக்கி, ‘மோட்டரை நிற்பாட்டு’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். பத்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி ‘டேர்ன் ஓஃப் த மோட்டர்’ என்று சரியாக எழுதினாள். அடுத்து ‘அதை நிற்பாட்டு’ என்பதற்கு, மோட்டர் இருந்த இடத்தில் ‘இட்’டை வைத்து ‘டேர்ன் ஓஃப் இட்’ என்று எழுதினாள். தமிழில் யோசிக்கும் எவருக்கும் இதுதான் நியாயமாகத் தோன்றும். ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுவோர் ‘டேர்ன் இட் ஓஃப்’ என்றே சொல்வார்கள். பெயர்ச்சொல் நிற்கக்கூடிய இடத்தில் அதற்குப் பதிலாக வரும் பிரதிப்பெயர் ஏன் நிற்க முடியாமற் போகிறது?

தமிழில் ஒரு பெயர் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்பதை அதன் ஈற்றில் நிற்கும் உருபு சொல்லிவிடுகிறது. தொல்காப்பியம் விளியோடு சேர்த்து எட்டு வேற்றுமைகளைக் கூறுகிறது. அவற்றில் இரண்டாவதான ‘ஐ’யும் நான்காவதான ‘கு’வுமே நமக்கு இங்கே வேண்டியவை. ‘அக்கா தம்பிக்குத் திறப்பைக் கொடுத்தா’ என்றாலும், ‘திறப்பைத் தம்பிக்கு அக்கா கொடுத்தா’ என்றாலும், கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்பதில் குழப்பம் வராது. இன்றைய ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அப்படிப்பட்ட உருபு இல்லை. அது வினைக்கு முன்னே நிற்கிறதா, பின்னே நிற்கிறதா, அதற்கு முன்னால் ‘டு’, ‘ஃபோர்’, ‘ஃப்ரொம்’ போன்ற முன்னிடைச்சொல் ஏதும் நிற்கிறதா என்பவற்றை வைத்தே பொருளைப் பிரித்தறிய வேண்டும். நமக்கு உருபு செய்யும் வேலையை அவர்களுக்கு இடம் செய்கிறது.

இனி ‘ஓஃப்’ என்ற சொல்லைக் கவனிப்போம். ஏ9 வீதியில் போகும் பஸ் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும்போது நாம் இறங்குவதை ‘கெட் ஓஃப் த பஸ்’ என்பர். பஸ் என்ற பெயரை எடுத்துவிட்டால் ‘கெட் ஓஃப் இட்’ என்றாகும். இங்கே ‘இட்’ கடைசியில் நிற்பதுதான் சரி. அதே ‘ஓஃப்’ மோட்டரோடு வரும்போது மட்டும் ‘இட்’டை முன்னே தள்ளுகிறது. காரணம், இரண்டு ‘ஓஃப்’களும் ஒரே சொல் போலத் தெரிந்தாலும் ஒட்டியிருக்கும் பக்கங்கள் வேறு. பஸ்ஸுக்கு முன்னால் வரும் ‘ஓஃப்’ பெயரோடு ஒட்டியது. ‘பஸ்ஸால இறங்கினன்’ என்று நாம் சொல்லும்போது ‘ஆல்’ செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது. உருபைப் பெயரிலிருந்து பிரிக்க முடியாதது போல அதையும் பிரிக்க முடியாது. மோட்டரோடு வரும் ‘ஓஃப்’போ வினையின் பங்காளி. ‘டேர்ன்’ என்றால் திருப்பு. ‘ஓஃப்’ சேர்ந்த பிறகே அது நிற்பாட்டு என்றாகிறது. இதனை வினையொட்டு என்று வைத்துக்கொள்வோம். வினைக்கும் வினையொட்டுக்கும் இடையில் பிறிதொரு சொல் புகலாம். பெயர்ச்சொல் விரும்பினால் இடையில் வரலாம், விரும்பினால் கடைசியில் வரலாம். ஆனால் ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ போன்ற பிரதிப்பெயர்கள் அழுத்தமின்றி வரும்போது இடையிலேதான் வர வேண்டும்.

இதற்குள் இருப்பது எடைக்கணக்கு. 1909ஆம் ஆண்டு ஜெர்மானிய மொழியியலாளர் ஓட்டோ பெஹாகல், சொற்றொடரில் சிறிய உறுப்பு முன்னும் பெரிய உறுப்பு பின்னும் வரும் போக்கு உண்டு என்று எடுத்துக்காட்டினார். ‘இட்’ ஓரசைச் சொல்; கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றையே குறிப்பதால் அதற்கு அழுத்தமும் கிடையாது. வாக்கியத்தின் கடைசி இடமோ, ஆங்கிலத்தில் புதிய செய்திக்கும் அழுத்தத்துக்கும் உரிய இடம். ஆகவே இலேசான ‘இட்’ வினையின் முதுகில் ஏறிக்கொள்ள, அழுத்தம் ‘ஓஃப்’பில் விழுகிறது. மாறாக, ‘மாமா போன கிழமை வவுனியாவில் வாங்கி வந்த மோட்டர்’ என்று நீளமான ஒன்று வந்தால் அது ‘டேர்ன் ஓஃப்’ முழுவதையும் முன்னே விட்டுக் கடைசியில் நிற்கவே விரும்பும். வினையை இறுதியில் வைக்கும் மொழிகளில் இந்தக் கணக்குத் தலைகீழாவதும் உண்டு. யப்பானிய மொழியில் நீளமான உறுப்பை முன்னே கொண்டுவரும் போக்கு அறியப்பட்ட ஒன்று.

கொட்டிலில் நான் அதிகம் திருத்தும் வாக்கியம் ‘எக்ஸ்பிளேன் மீ, சேர்’ என்பதாகும். ‘எனக்கு விளங்கப்படுத்துங்கோ’ என்பதன் நிழல் அது. ‘கிவ் மீ த கீ’ என்று ‘டு’ இல்லாமற் சொல்ல முடியும்போது, ‘எக்ஸ்பிளேன்’ மட்டும் ஏன் ‘எக்ஸ்பிளேன் இட் டு மீ’ என்று ‘டு’வைக் கேட்கிறது என்று பிள்ளைகள் வினவுவது மிக நல்ல கேள்வி. அதன் விடை வரலாற்றில் இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் பெயர்களும் தமிழைப் போல ஈறு திரிந்து வேற்றுமை காட்டின. அன்று ‘அவனை’ என்பதற்கு ‘ஹினெ’ என்றும், ‘அவனுக்கு’ என்பதற்கு ‘ஹிம்’ என்றும் இரு வடிவங்கள் இருந்தன. பின்னர் ‘ஹினெ’ வழக்கொழிய, ‘ஹிம்’ இரண்டு வேலைகளையும் ஏற்றுக்கொண்டது. எனவே ‘கிவ் ஹிம்’ என்னும்போது ‘கு’ விடுபட்டுப் போகவில்லை. ‘ஹிம்’ என்ற சொல்லின் பழைய வடிவத்துக்குள்ளேயே அது இருந்தது. இதை முதன்முதலில் அறிந்தபோது, அந்நியமாக இருந்த அந்த மொழி எனக்கு உறவு கொண்டாடத் தக்கதாகத் தோன்றியது. ‘கிவ்’, ‘டெல்’, ‘சென்ட்’, ‘ஷோ’ போன்ற பழங்குடிச் சொற்கள் அந்த அமைப்பைக் காத்து வருகின்றன. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சிலிருந்தும் இலத்தீனிலிருந்தும் வந்து சேர்ந்த ‘எக்ஸ்பிளேன்’, ‘டிஸ்கிரைப்’, ‘சஜெஸ்ட்’ முதலியவை பெரும்பாலும் ‘டு’வோடுதான் ஆளைக் கூட்டிவரும். இது முழு விதியன்று. இலத்தீன் வழி வந்த ‘ப்ரொமிஸ்’ பழைய சொற்களைப் போலவே நடக்கிறது, அதற்கு முதலசையில் அழுத்தம் விழுவதும் ஒரு காரணம் எனலாம்.

இங்கு ஒரு சிறு சிக்கல் உண்டு. திறப்பும் பிரதிப்பெயராகிவிட்டால் ‘கிவ் மீ இட்’ என்பது பொதுவாகக் காதுக்கு ஒவ்வாது. ‘கிவ் இட் டு மீ’ என்பர். இங்கிலாந்தின் சில வட்டார வழக்குகளில் ‘கிவ் இட் மீ’ என்பதும் கேட்கும்.

‘சேரிட்டைக் கேள்’ என்பதிலுள்ள உருபை அப்படியே கொண்டுபோய் ‘ஆஸ்க் ஃப்ரொம் சேர்’ என்பதும், ‘அதைப் பற்றிக் கலந்துரையாடினோம்’ என்பதிலுள்ள ‘பற்றி’யை ‘டிஸ்கஸ்’ஸோடு கட்டுவதும் நம்மிடையே சாதாரணம். அவ்விரு வினைகளும் முன்னிடைச்சொல் இன்றியே செயப்படுபொருளை ஏற்பவை. ‘புட்’டின் கதை வேறு: நாம் ‘அதை வை’ என்று நிறுத்திவிடலாம், ‘புட் இட்’ என்று நிறுத்த முடியாது, எங்கே என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அன்றைய பாடத்தின் முடிவில் அந்த மாணவி, கேட்டல் பயிற்சி ஒலிப்பதிவில் வந்த ‘டேர்னிட்டோஃப்’ என்ற சொல்லை அகராதியில் தேடிக் கிடைக்கவில்லை என்றாள். மூன்று சொற்கள் ஒட்டிக்கொண்ட ஒலி அது. அதைப் பிரித்து எழுதிக் காட்டியதும், ‘டேர்னெமோஃப்’ என்றும் ஒன்று வருகிறதே, ‘தெம்’மின் ‘த’ எங்கே போனது என்று கேட்டாள். அங்கே ‘த’ எங்கும் போகவில்லை. ‘தெம்’ என்பது ஸ்கண்டிநேவியரின் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்த சொல். ‘எம்’மோ அதற்கு முன்பே ஆங்கிலத்துக்குச் சொந்தமாயிருந்த ‘ஹெம்’ என்பதன் எச்சம், எழுத்தில் மறைந்த பிறகும் வினையைப் பிடித்துக்கொண்டு பேச்சில் உயிர்வாழ்கிறது.