கிரியேட்டினின் நார்மல், கிட்னியும் நார்மலா?

மூட்டுவலிக்குப் பல வருடமாக மாத்திரை போடும் ஒரு வாசகர் கேட்கிறார்: "கிரியேட்டினின் 1.0 தான் இருக்கிறது. அப்படியானால் கிட்னிக்கு ஒன்றுமில்லைதானே?"

அப்படிச் சொல்லிவிட முடியாது. கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து ரத்தத்துக்கு வந்து, கிட்னி வடிகட்டி வெளியேற்றும் கழிவு. வடிகட்டும் திறனில் ஏறக்குறைய பாதி போன பிறகுதான் கிரியேட்டினின் பளிச்சென்று ஏறும். போதாக்குறைக்கு, நாள்பட்ட வலி மாத்திரை முதலில் கைவைப்பது வடிகட்டியில் அல்ல.

சிறுநீரகத்தை நெடுக்காக வெட்டினால் உள்ளே கூம்பு கூம்பாகத் தெரியும். கூம்பின் நுனிதான் பாப்பில்லா, சிறுநீரைச் சுண்ட வைக்கும் இடம். ரத்தத்தின் செறிவு, அதாவது அதில் கரைந்திருக்கும் பொருள்களின் அடர்த்தி, சுமார் 290 மில்லிஆஸ்மோல். இங்கே 1200 வரை போகும். இந்தச் செறிவுக்காகச் சேர்த்துவைத்த உப்பை ரத்தம் அலசிக்கொண்டு போய்விடக் கூடாதே, அதனால் நுனிக்கு வரும் ரத்த ஓட்டம் சொற்பம். ஆக்சிஜனுக்கு எப்போதும் தட்டுப்பாடு. இந்த இழுபறியில் நுனியை உயிரோடு வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற வேதிப்பொருள். அங்கேயே உருவாகி, மெல்லிய ரத்தக் குழாய்களை விரித்துப் பிடிக்கிறது. அதைத் தயாரிக்கும் காக்ஸ் நொதியைத்தான் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகையறா வலி மாத்திரைகள் முடக்குகின்றன. முழங்காலில் வலி அடங்கும்போதே பாப்பில்லாவில் குழாய் சுருங்குகிறது. வருடக்கணக்கில் இது தொடர்ந்தால் நுனி செத்துப்போகலாம்.

செத்த நுனியால் சிறுநீரைச் சுண்ட வைக்க முடியாது. ராத்திரி இரண்டு மூன்று முறை எழ வேண்டிவரும். விடியற்காலைச் சிறுநீரின் ஒப்படர்த்தி (தண்ணீரை 1 என்று வைத்து ஒப்பிடும் அடர்த்தி) 1.020-ஐத் தொடாமல் 1.010 பக்கத்திலேயே நிற்கும். சர்க்கரையும் புராஸ்டேட்டும்கூட இரவில் எழுப்பும் என்பதால் இதை மட்டும் நம்ப முடியாது. சிறுநீரில் சீழ் செல்கள் இருந்தும் கல்ச்சர் என்ற கிருமி வளர்ப்புச் சோதனையில் கிருமி வளரவில்லையா? சந்தேகம் வலுக்கிறது, ஆனால் காசநோயிலும் இதே கோலம்தான், அதை முதலில் விலக்க வேண்டும். புரதம் லேசாகத்தான் கசியும்.

தெளிவாகக் காட்டிக்கொடுப்பது சாயம் ஏற்றாத சி.டி. ஸ்கேன்: இரண்டு சிறுநீரகமும் சுருங்கி, விளிம்பு மேடுபள்ளமாகி, பாப்பில்லா இருக்கும் இடத்தில் சுண்ணாம்பு வெள்ளைப் புள்ளிகளாகப் படிந்திருக்கும். சாயம் ஏற்றினால் அதுவும் வெள்ளையாகத் தெரியும், அதோடு கலந்து புள்ளிகள் மறைந்துவிடலாம்.

சில சமயம் செத்த நுனி பிய்ந்து சிறுநீர்க் குழாயை அடைக்கும். வலி கல் அடைத்த மாதிரியே இருக்கும். அதற்கும் அதே மாத்திரையைப் போடுகிறவர்கள் உண்டு! சிறுநீரை வடிகட்டிப் பார்த்துச் சதைத் துணுக்கு கிடைத்தால் நோய்க்கூறு ஆய்வுக்கு அனுப்ப வேண்டும்.

என்னைக் கேட்டால், பல நோயாளிகள் தவறவிடப்படுவது லேபில் அல்ல, கேள்வியில். "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்றால் பிரஷர் மாத்திரையைச் சொல்வார்கள், கடையில் தானாக வாங்கிப் போடுவதை யாரும் மருந்தாகவே எண்ணுவதில்லை. "தலைவலி, கால்வலிக்கு என்ன போடுவீர்கள், வாரத்துக்கு எத்தனை?" என்று பிரித்துக் கேட்டால்தான் பதில் வரும்.