வீட்டில் தெரியுமா?

மாங்காய் விலை விழுந்த வருடங்களில் கிருஷ்ணகிரியில் யாரும் என்னிடம் "மன அழுத்தம்" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. நெஞ்செரிச்சல், தலைபாரம், மாத்திரை போட்டும் சர்க்கரை இறங்கவில்லை, விடிய விடியத் தூக்கமில்லை என்றுதான் வருகிறார்கள். இங்கே விளையும் பெங்களூரா ரக மாங்காய் பெரும்பாலும் மாங்கூழ் ஆலையை நம்பியிருக்கிறது. ஆலை வாங்காவிட்டால் பறிகூலிக்கே கட்டாது. ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி விவசாயிகளின் நிலைமையும் இதுதான்.

பரிசோதனை முடிந்ததும் நான் கேட்பது, "கடன் விஷயம் வீட்டில் தெரியுமா?" பல ஆண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒருவர், "தூக்க மாத்திரை மட்டும் எழுதிக் குடுங்க சார்" என்றார். அவர் சம்மதத்தோடு மனைவியையும் உள்ளே கூப்பிட்டேன். "போன் வந்தா வெளியே போய்ப் பேசறப்பவே தெரியுங்க, நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றார் அந்த அம்மா. அப்புறம்தான் மனைவி பெயரில் இருந்த குரூப் லோன் பற்றிக் கணவருக்கே தெரிய வந்தது. இருவரும் ஒரு நோட்டில் யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி என்று எழுதினார்கள். கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் அடுத்த முறை வந்தபோது, தூக்கம் கொஞ்சம் பரவாயில்லை என்றார். ஒளித்து வைத்த கணக்கை மனசு ராத்திரியில்தான் போட்டுப் பார்க்கும். ஓயாத கவலையில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடும், சர்க்கரையும் ஏறும். குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும், ஆனால் நடுராத்திரியில் கலைந்துவிடும்.

வசூலுக்கு வருபவர் சத்தம் போட்டால் பயந்து ஒடுங்க வேண்டாம். குரூப் லோன் மாதிரியான மைக்ரோ பைனான்ஸ் கடனுக்குக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025-இல் தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் கெஞ்சியே கேட்கிறேன். "நான் போய்ட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்று வீட்டில் யாராவது சொன்னால், கோபத்தில் சொன்ன பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். பூச்சிமருந்தையும் எலி மருந்தையும் அன்றைக்கே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. விடிந்ததும் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், நீங்களும் கூடவே உட்காருங்கள்.